மூடியைத் திறந்தால்

இந்த மனுஷன் கையை யாராவது கட்டிப்போட மாட்டார்களா என்று நினைத்துக்கொண்டாள் நான்சி.

பேராசிரியர் செந்தமிழன் ஆய்வகத்தில் செல் வளர்க்கும் இன்குபேட்டரைத் திறந்து, மேல் அடுக்கில் ரோஸ் நிறத் திரவம் இருந்த தட்டின் மூடியைத் தூக்கினார். காலையிலிருந்து இது ஐந்தாவது முறை.

"செல்லுங்களும் மூச்சு வுடணும்ல?"

"தெறக்கத் தெறக்கத் தண்ணி ஆவியாயிடுதுங்க சார். ரெண்டு தடவ செல்லெல்லாம் காஞ்சி செத்துடுச்சு. நாளைக்கி வர்ற கமிட்டிக்கு உயிரோட காட்டலன்னா என் ஆராய்ச்சியையே நிறுத்திடுவாங்க."

"இந்தத் தடவ சாகலயே! ரெண்டு வாரமா ரோஸ் கலரு மாறாம இருக்குது பாரு. எல்லாம் நான் காத்து குடுக்கறதாலதான்." கீழ் அடுக்கைப் பார்த்தார். "அது என்னம்மா, மண் மூடி?"

"எங்க ஊரு பீங்கான் கம்பெனில வாங்குனதுங்க சார். ஈரத்துக்கு வச்சிருக்கேன்."

"ஊரு புத்தி!" என்று சிரித்தார்.

மறுநாள் கமிட்டி வந்தது. மெருகு பூசாத அந்த மண் மூடியை நான்சி தூக்கினாள். அது காற்றை உள்ளே விட்டு, ஈரத்தைப் பிடித்து வைத்திருந்தது. அதன் அடியில் இருந்த தட்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்தாள். செல்கள் நெருக்கியடித்து வளர்ந்திருந்தன. கமிட்டித் தலைவி அவளுக்குக் கை கொடுத்தார்.

செந்தமிழனுக்குப் பொறுக்கவில்லை. "நான் காத்து குடுத்து வளத்தது மேல இருக்குது. அதையும் எடுத்துக் காட்டு நான்சி."

இரண்டு வாரமாகத் தினமும் அந்தத் தட்டில் ஜங்ஷன் கடை ரோஸ் சர்பத்தை ஊற்றி வைத்தவள், அவர் காதருகே குனிந்தாள்.

"வேணாங்க சார். வெளிய எடுத்தா எறும்பு வந்துடும்."