சிப்பியில் கொஞ்சம் விஷம்

"கொஞ்சமாவது விஷம் இருக்கும். நல்லாப் பாரும்மா."

கடலில் முங்கிச் சிப்பி எடுப்பவரின் மனைவி அவள்; சொன்னது இதே வார்த்தைகள்தானா என்று இப்போது உறுதியில்லை. கெஞ்சினாள் என்பது நிச்சயம். சிப்பி நிறைந்த ஈரச் சாக்கு ஆய்வக மேசைமேல் சொட்டிக்கொண்டிருந்தது.

ஆய்வகப் பெண் ஓடுகளைக் கழுவி, பிளந்து, சதையை வழித்தெடுத்தாள்.

"விஷம் இருக்கணும்னு வேண்டிக்கிற ஆளை இப்பத்தான்க்கா பாக்குறேன்."

"இருந்தாத்தானே சிப்பி எடுக்குற இடத்தை மூடுவாங்க? மூடினாத்தான் எங்க வீட்டு மனுஷன் முங்குறதை நிறுத்துவாரு. போன மாசம் காதுல ரத்தம் வந்துச்சு. போகாதீங்கன்னேன். விடிஞ்சதும் கிளம்பிட்டாரு."

"நல்லா நாலு வார்த்தை கேக்க வேண்டியதுதானே?"

"முப்பது வருஷம் முங்கி எங்களைக் காப்பாத்தின மனுஷன். இனி உங்களால முடியாதுன்னு அந்த மூஞ்சியப் பாத்து எப்படிம்மா சொல்றது?"

ஆய்வகப் பெண் சதையை அரைத்து, ஈரம் உறிஞ்சும் உப்போடு கலந்து, காகிதக் கூட்டில் நிரப்பிக் கண்ணாடிக் குழாய்க்குள் இறக்கினாள். கீழே கரைப்பான் கொதித்தது. ஆவி மேலே போய்க் குளிர்ந்து, சதையின்மேல் சொட்டத் தொடங்கியது.

"பழைய பூச்சிமருந்து, ஆலைக் கழிவு எல்லாம் கொழுப்புலதான் ஒளிஞ்சிருக்கும். ஒரு நாள் பூரா இப்படிச் சொட்டினாத்தான் வெளிய வரும். ஆனா ஒண்ணுக்கா, இல்லாததை நான் எழுத மாட்டேன்."

இருவரும் வெகுநேரம் அந்தச் சொட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான்காம் நாள் முடிவைக் கேட்கக் கணவர்தான் உள்ளே வந்தார்.

"அக்கா வரலையா?"

"வாசல்ல நிக்கிறா. என்னையே கேட்டுட்டு வரச் சொன்னா."

"சிப்பி சுத்தம்ண்ணே. நீங்க தாராளமா முங்கலாம்."

அவர் முகத்தில் சிரிப்பு வரவில்லை. நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். பிறகு வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"விஷம் இருக்குன்னு அவகிட்ட மட்டும் சொல்லிடும்மா. கீழ போனாலே மூச்சு முட்டுது, பயமா இருக்கு. பொண்டாட்டிகிட்டப் போய் பயம்னு எப்படிச் சொல்ல? தண்ணி ஒரு மாதிரி நாறுது, சோதிச்சுப் பாக்கணும்னு தினமும் அவ காதுல போட்டு, அவளை இங்க வரவெச்சதே நான்தான்."

ஆய்வகப் பெண் எழுந்துபோய் அவளை உள்ளே அழைத்துவந்து உட்காரவைத்தாள். இருவரையும் தனியே விட்டுக் கதவைச் சாத்தினாள்.

சுத்தம் என்றே அறிக்கை போனது. அவர் அதற்குப்பின் முங்கவில்லை; படகுப் பட்டறையில் வேலை பார்க்கிறார், மதியச் சாப்பாட்டை அவள்தான் கொண்டுபோகிறாள்.