அதே சத்தம்

தம்முடைய மரணத்தை மூன்றாவது முறையாகப் படம்பிடித்தபோதுதான் இசையமைப்பாளருக்கு எரிச்சல் வந்தது. அதற்கு முன் சும்மாதான் கேட்டுக்கொண்டிருந்தார். செத்துப்போனவனைப் பற்றி இவ்வளவு நல்லதாகச் சொல்கிறார்களே என்று கொஞ்சம் கூச்சம்கூட இருந்தது.

"காற்றில் கரைந்தான் அந்தக் கந்தர்வன்!" என்று முழங்கினான் வர்ணனை படிக்கும் பையன். "நாதம் நின்றது. நாடே அழுதது!"

நாடு அழுததாக நினைவில்லையே என்று பெருமூச்சோடு முணுமுணுத்துக்கொண்டார். இந்த வீட்டில் வாய்விட்டு அழுவது குக்கர் ஒன்றுதான்.

வந்திருந்தவர்கள் கல்லூரி மாணவர்கள். இசை வரலாற்றுப் பாடத்துக்கு 'மறைந்த மேதைகள்' என்ற தலைப்பில் குழுவாக ஒரு வீடியோ எடுத்துக் கொடுக்க வேண்டுமாம். குழுத் தலைவனை மற்ற மூவரும் 'டைரக்டர்' என்றே கூப்பிட்டார்கள். இதுவரை ஒரு படமும் எடுத்ததில்லை. ஆனால் தொப்பி வாங்கிவிட்டான்.

அறையைத் தலைகீழாக்கியிருந்தார்கள். ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, அவருடைய இளமைக்காலப் படத்தின் முன்னால் மெழுகுவத்தி ஏற்றியிருந்தார்கள். பீரோக் கண்ணாடியில் கேமரா தெரிகிறதென்று அதன்மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடினார்கள். இனி அவருக்கே அவர் தெரிய வழியில்லை.

மூலைக் கட்டிலில் உட்கார்ந்திருந்த அவரை ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. அதில் புதிதாக ஒன்றுமில்லை. இந்த வீட்டில் அவரோடு யாரும் பேசி ரொம்ப நாளாகிறது. மகன் வருவான், அவருக்குப் பின்னாலிருக்கும் ஜன்னலை மூடுவான், போவான்.

மருமகள் தட்டில் டீ கொண்டுவந்து பிள்ளைகளுக்குக் கொடுத்தாள். மிஞ்சிய ஒரு கப்பை, படையல் வைப்பதுபோல, ஓசைப்படாமல் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

"அடுத்தது மழைப்பாட்டு" என்றான் டைரக்டர். "எமோஷன் வேணும்டா. கடற்கரையில தனியா அழுதுகிட்டே போட்ட மெட்டு. ஞாபகம் வச்சுக்கோ!"

அங்கேதான் அவருக்குப் பொறுக்கவில்லை. அவர் கடற்கரைப் பக்கமே போனதில்லை. உப்புக்காற்று தொண்டைக்கு ஆகாது. அது அவர் மனைவி துணி மடித்துக்கொண்டே முணுமுணுத்த மெட்டு. அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். எல்லாப் பேட்டியிலும் அதைச் சொன்னார். நேரம் போதவில்லை என்று எல்லாப் பேட்டியிலும் அதைத்தான் வெட்டினார்கள். அவள் பெயர் ஒரு தடவை வெளியே வந்துவிட்டால் போதும், அப்புறம் அவரைக் கந்தர்வன் என்றாலும் சரி, கழுதை என்றாலும் சரி.

"அது என் சம்சாரம் போட்ட மெட்டுப்பா" என்றார்.

யாரும் திரும்பவில்லை. ஒலிப்பதிவுக் கருவியின் பச்சை விளக்குகள் மட்டும் துள்ளி அடங்கின. ஹெட்ஃபோன் மாட்டியிருந்த பெண் கையைத் தூக்கினாள்.

"நிறுத்துங்க. திரும்பவும் அதே சத்தம்."

"என்ன, அதேவா?"

"அதேதான். மூச்சு மாதிரி ஆரம்பிச்சு பேச்சா வருது."

நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூலைப்பக்கம் மட்டும் ஒருவர் பார்வையும் போகவில்லை.

வர்ணனைப் பையன் கையிலிருந்த தாளை இறக்கினான். "எனக்கு என்னமோ மாதிரி இருக்குடா. இந்த ரூம்ல நின்னுகிட்டு இதைப் படிக்க நாக்கே எழும்ப மாட்டேங்குது."

"இதுக்கெல்லாம் பயந்தா நீ கலைஞனாகி கிழிச்ச மாதிரிதான். கேமரா, அந்த மூலையை மட்டும் ஃபிரேம்ல விடாதே. சத்தத்தை நாலு வயலின் போட்டு அமுக்கிடலாம்."

இசையமைப்பாளர் தம் கையைப் பார்த்துக்கொண்டார். மெழுகுவத்தி வெளிச்சத்தில் அது இருக்கிறதா இல்லையா என்பதுபோல இருந்தது. ஒருவேளை இவர்கள் சொல்வதுதான் சரியோ? ஏதோ ஒரு மதியத் தூக்கத்தில் போய்விட்டு, எடுத்துச்சொல்ல ஆளில்லாமல் இங்கேயே உட்கார்ந்திருக்கிறோமோ? தொட்டுப் பார்த்துவிடலாம் என்று டீக் கப்பை நோக்கி விரலை நீட்டினார். சூடு தெரியாவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் பாதியிலேயே இழுத்துக்கொண்டார்.

"டேக்!" என்றான் டைரக்டர்.

பையன் வாயைத் திறப்பதற்குள் அவர் பாடத் தொடங்கினார். இசைத்தட்டில் வந்ததுபோல அல்ல. துணி மடிக்கிற நிதானத்தில், அவள் முணுமுணுத்ததுபோலவே. முடிக்கும் இடத்தில் அவள் பெயரைச் சொன்னார். பச்சை விளக்குகள் ஏறி ஏறிச் சிவப்பைத் தொட்டன. மெழுகுவத்திச் சுடர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது.

ஹெட்ஃபோன் பெண் அதைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். நேராக மூலைக்கு வந்தாள். கட்டிலருகே மண்டியிட்டு அவர் கண்ணைப் பார்த்தாள். அவரை அப்படி ஒருவர் பார்த்து எத்தனை காலமாயிற்று!

"உனக்குக் கேக்குதாம்மா?"

"கேக்குது தாத்தா" என்றாள். "முதல்லேர்ந்தே கேக்குது. பாட்டி போட்ட மெட்டு, பாட்டி பேரு, எல்லாம்."

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. உலகத்தில் ஒரு காதாவது கிடைத்ததே. "அப்போ அதைச் சொல்லிடுவியா?"

அவள் திரும்பி டைரக்டரைப் பார்த்தாள். அவன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு அவர் காதோரம் வந்து மெல்லச் சொன்னாள்:

"கொஞ்சம் பேசாம இருங்க தாத்தா... நீங்க உயிரோட இருக்கிறது தெரிஞ்சா எங்களுக்கு மார்க் போயிடும்."