விட்டுப்போன வரிகள்

"அக்கா, நோட்டுல இந்தக் கவிதை பதினாலு வரி. நீங்க அடிச்சதுல மூணுதான் இருக்கு. மீதி பதினொண்ணு எங்க போச்சு?"

டைப்பிங் கடைக்காரத் தம்பி ஒரு கையில் நோட்டும் இன்னொரு கையில் தாளுமாக நின்றான்.

டைப் அடிக்கிற அக்கா விசைகளிலிருந்து கையை எடுத்தாள். வீட்டில் அடுப்பை அணைத்தோமா இல்லையா என்று காலையிலிருந்து கவலைப்பட்டுக்கொண்டிருந்தவள், அதை மறந்தே போனாள்.

"விட்டுப்போச்சு தம்பி. இப்பெல்லாம் கண்ணு சரியாத் தெரியறதில்ல."

"இதுலயும் விட்டுப்போச்சா? இதோ, இதுல? முப்பது கவிதையிலயும் பாத்துப் பாத்து உங்க கண்ணு தெரியாமப் போச்சா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

நோட்டு, ஓய்வுபெற்ற இன்ஜினீயர் ஒருவருடையது. எட்டு மாதமாக வாரம் ஒரு கவிதை கொண்டுவருகிறார். எல்லாமே கவிதை எழுதுவதைப் பற்றிய கவிதைகள். எழுத உட்கார்ந்தது, எழுத வராதது, வந்தது பிடிக்காமல் போனது. அவள் அடித்துக் கொடுத்ததைக் கவரில் போட்டுக்கொண்டு, "வரேம்மா" என்று போய்விடுவார். படித்துக்கூடப் பார்க்கமாட்டார்.

இப்போது புத்தகம் போடப் போகிறார். அச்சுக்குப் போகிற வேலையாயிற்றே, கம்ப்யூட்டரில் இருப்பதை ஒருமுறை சரிபார்த்துவிடலாம் என்று தம்பிதான் அவரிடம் நோட்டைக் கேட்டு வாங்கினான். மாட்டிக்கொண்டாள்.

முதல் தடவை நிஜமாகவே விட்டுப்போனதுதான். நடுவில் மகள் போன் செய்தாள். பேசிவிட்டு வந்தவள் நாலு வரி தள்ளித் தொடர்ந்துவிட்டாள். பிறகு படித்தால், குறைந்த மாதிரியே தெரியவில்லை. முன்னைவிட நன்றாக இருந்தது.

அன்றிலிருந்து கை சும்மா இருக்கவில்லை. சட்டையில் நூல் பிசிறு தொங்கினால் பிய்க்காமல் இருக்க முடியுமா?

'கற்பனைக் கடலில் முத்தெடுக்கக் குதித்தேன், முத்துகள் என்னை முறைத்துப் பார்த்தன' என்று எழுதியிருப்பார். முத்து எங்கேயாவது முறைக்குமா? எடுத்துவிடுவாள். இப்படி எடுத்து எடுத்து, கடைசியில் மிஞ்சியது இவ்வளவுதான்:

சொல் வரட்டும் என்று
பேனா மூடியைக் கடித்தேன்.
மூடி தேய்ந்தது.

"எட்டாவதோட நின்னவங்க நீங்க. அவ்வளவு படிச்சவரோட கவிதையில கை வைப்பீங்களா?"

"இருந்தா நல்லாயில்ல தம்பி. அதான்..."

"நல்லாயிருக்கா இல்லையான்னு நம்மளக் கேட்டாங்களா? எழுதினத அடிக்கணும். அவ்வளவுதான் நம்ம வேலை."

அவன் சொன்னதில் தப்பே இல்லை. அதனால்தான் அவளுக்கு அழுகை வந்தது.

"அஞ்சு மணிக்கு வராரு. அதுக்குள்ள முப்பதையும் முழுசா அடிச்சு வைங்க. அவரு கோவப்பட்டா உங்கள வச்சுக்க முடியாதுக்கா. அப்புறம் என்னைச் சொல்லாதீங்க."

பதினோரு வருஷமாக உட்கார்ந்த நாற்காலி. இந்த வயதில், இந்தப் படிப்புக்கு, இன்னொரு நாற்காலியை யார் இழுத்துப் போடுவார்கள்?

சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் அடித்தாள். பிய்த்துப் போட்ட பிசிறெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. முத்துகள் வந்து இப்போது அவளை முறைத்தன.

அஞ்சு மணிக்கு இன்ஜினீயர் வந்தார். தம்பி முந்திக்கொண்டான்.

"சார், முதல்ல மன்னிச்சுக்கணும். இத்தனை நாளா இந்த அக்கா உங்க வரியையெல்லாம் முழுங்கியிருக்காங்க. இன்னைக்குத்தான் கண்டுபிடிச்சேன். இப்ப எல்லாம் சரி பண்ணியாச்சு. ஒரு எழுத்து குறையாது."

இன்ஜினீயர் தாள்கட்டை வாங்கினார். முதல் பக்கத்தைப் படித்தார். இரண்டாவதைப் படித்தார். முகம் சுருங்கியது.

"ஏம்மா, எல்லாத்தையும் எடுத்தது நீங்கதானா?"

"நான்தான் சார். தப்புத்தான். எழுதத் தெரியாதவ எழுதினவங்க வரியில கை வச்சிருக்கக் கூடாது."

"முத்து முறைச்சுதே, அதையுமா?"

"முத்துக்குக் கண்ணு கிடையாதே சார்..."

"அக்கா!" என்று பல்லைக் கடித்தான் தம்பி.

இன்ஜினீயர் கட்டைத் தட்டிச் சமமாக்கி அவனிடமே நீட்டினார்.

"இதை நீங்களே வச்சுக்குங்க தம்பி. எனக்கு வேண்டாம்."

பைக்குள்ளிருந்து ஒரு ஃபைலை எடுத்தார். அவள் வாராவாரம் அடித்துக் கொடுத்த பக்கங்கள், ஒன்று விடாமல் வரிசையாகக் கோத்திருந்தன.

"அச்சுக்குப் போறது இதுதான்."

"சார், அதுலதான் பாதிக்கு மேல விட்டுப்போச்சே! வீட்டுல நீங்க பாக்கவே இல்லையா?"

அவர் சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து அவள் முன்னால் வைத்தார். இந்த வாரத்துக் கவிதை. இருபது வரி இருந்தது.

அவள் தாளைத் தொடவில்லை. தம்பியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"அடிங்கம்மா" என்றார் இன்ஜினீயர். "எனக்கு டைப் அடிக்கத் தெரியும். வீட்டுல கம்ப்யூட்டரும் இருக்கு. எட்டு மாசமா ரெண்டு பஸ் மாறி இங்க வர்றது, நீங்க எதையெல்லாம் விடறீங்கன்னு பாக்கத்தான்."