காலைத் தூக்கிக் காட்டுங்க

"என் தங்கச்சி காலை எதுக்குய்யா படம் எடுத்தே?"

வக்கீல் போட்ட சத்தத்தில், ஆற்றங்கரையில் தூண்டிலுக்கு இரை கோத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மீன்பிடிச் சுற்றுலாவுக்கு வந்தவர்கள் மொத்தம் எட்டுப் பேர். கூட்டி வந்தவர்கள் இரண்டு பேர், வேனை ஓட்டிய வழிகாட்டியும் கேமராக்காரரும். வேனை விட்டு இறங்கியதுமே கேமராக்காரர் ஒவ்வொருவரையும் நிற்கவைத்து, முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று எடுத்தார். அதோடு விட்டாரா? "காலைத் தூக்கிக் காட்டுங்க" என்று ஷூவின் அடியையும் எடுத்தார்.

"என் முகத்தைவிட கால்தான் லட்சணம்னு கண்டுபிடிச்சிட்டீங்களே" என்று சிரித்தபடி பல் டாக்டர் காட்டினார். வக்கீலும் ஏதோ விளையாட்டு என்று காட்டினார். தங்கச்சி முறை வந்தபோதுதான் அது விளையாட்டாகத் தெரியவில்லை.

"சார், ஒரு பாதுகாப்புக்காகத்தான்..."

"பொம்பளைப் புள்ள காலைப் படம் எடுத்து வச்சுக்கிறதுல என்னய்யா பாதுகாப்பு?"

கேமராக்காரர் மற்றவர்களைப் பார்த்தார். பாதிப் பேர் முதல் தடவையாக ஆற்றுக்கு வந்தவர்கள். தண்ணீரைப் பார்த்தே முகம் வெளுத்துப்போன ஒரு அம்மாவும் அதில் இருந்தார். கேமராக்காரர் சொல்ல வந்ததை அப்படியே விழுங்கிக்கொண்டார்.

"நானேதானே அண்ணா காட்டினேன்" என்றாள் தங்கச்சி.

"நீ சும்மா இரு பாப்பா. உனக்கு ஒண்ணும் தெரியாது."

பாப்பாவுக்கு வயது இருபத்திநாலு.

"அழிங்க. என் கண் முன்னால அழிங்க. இல்லேன்னா ஊருக்குப் போனதும் கேஸ்தான்."

கேமராக்காரர் அவளுடைய மூன்று படங்களையும் வக்கீல் பார்க்கப் பார்க்க அழித்தார். பிறகு தன் வேலையைப் பார்க்கப் போனார். "மீனைக் கொஞ்சம் முன்னால நீட்டிப் பிடிங்க டாக்டர், பெருசாத் தெரியும்." டாக்டர் பிடித்த விரல் நீள மீன், படத்தில் முழ நீளம் ஆனது.

மதியம் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது ஏழு பேர்தான் வந்தார்கள்.

"பாப்பா எங்கே?"

யாருக்கும் தெரியவில்லை. தூண்டிலோடு மேல்பக்கம் போனதைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். வக்கீல் போன் போட்டார், சிக்னல் இல்லை. கத்திக் கூப்பிட்டார், ஆற்று இரைச்சலில் அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. பக்கத்துப் புதரெல்லாம் தேடிவிட்டுத் திரும்பியபோது மணி நாலு.

வழிகாட்டி வானத்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஆறு மணிக்கு மேல அணையில தண்ணி திறப்பாங்க சார். இந்த மணல் பூராவும் முங்கிடும். அதுக்குள்ள கண்டுபிடிச்சாகணும்."

"என்னங்க சொல்றீங்க?"

"ஆறு மேல மூணு கிளையாப் பிரியுது. மூணையும் தேட நேரம் இல்லை, தடம் பார்த்துத்தான் போகணும். நேத்து வந்த தண்ணி பழைய தடத்தையெல்லாம் கழுவிடுச்சு, இருக்கிறது இன்னைக்கு நம்ம ஆளுங்க மிதிச்சதுதான். தங்கச்சி ஷூவோட அடி எப்படி இருக்கும்?"

"வெள்ளை ஷூ. இல்லை, நீலமோ..."

"நிறம் வேண்டாம் சார். அடி. கோடா, கட்டமா?"

சட்டப் பிரிவுகளை எண்ணோடு ஒப்பிக்கிறவருக்கு அது நினைவில் இல்லை. காலையில் எதை அழிக்கச் சொன்னோம் என்று அப்போதுதான் உறைத்தது. கேமராக்காரரைத் தேடினார். அவர் அதற்குள் கேமராவோடு மேல்பக்கம் ஓடிக்கொண்டிருந்தார்.

வக்கீலும் ஓடப் பார்த்தார். வழிகாட்டி தடுத்தார். "நீங்க யாரும் வராதீங்க. இருக்கிற தடத்தையும் மிதிச்சு அழிச்சிடுவீங்க."

வக்கீல் கரையில் உட்கார்ந்துவிட்டார். 'பத்திரமாக் கூட்டிட்டு வாடா' என்று அம்மா வாசல்வரை வந்து சொல்லி அனுப்பியிருந்தார். அந்த அம்மாவிடம் போய் என்ன சொல்வது?

கண் முன்னால்தான் அழித்தார். இருந்தாலும் எங்கேயாவது ஒரு பிரதி ஒளித்து வைத்திருக்கக் கூடாதா? கடவுளே, அந்த ஆள் அயோக்கியனாக இருக்கணும். நான் நினைச்ச மாதிரியே பொய்யனாக, ஏமாற்றுக்காரனாக இருக்கணும். இப்படி ஒரு வேண்டுதலை அவர் வாழ்நாளில் வேண்டியதில்லை.

ஐந்து மணி. ஐந்தரை. டாக்டர் தண்ணீர் கொடுத்தார், வக்கீல் வாங்கவில்லை.

ஐந்தே முக்காலுக்கு வளைவில் ஆள் தெரிந்தது. கேமராக்காரர் முதுகில் பாப்பா. பின்னால் வழிகாட்டி, கழுத்தில் கேமரா.

"பாறை இடுக்குல கால் மாட்டிக்கிச்சு அண்ணா. கத்திக் கத்தித் தொண்டையே போச்சு" என்று அழுதாள்.

எல்லோரும் மேட்டில் ஏறி மூச்சு வாங்கும்போது கீழே தண்ணீர் சுழித்துக்கொண்டு வந்தது. காலையில் நின்ற இடம் காணாமல் போனது.

வக்கீல் கேமராக்காரரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"என்னை மன்னிச்சிடுங்க. அழிச்ச மாதிரி காட்டி என்னை ஏமாத்தினீங்களே, அது எவ்வளவு நல்லதாப் போச்சு. அந்தப் படம் மட்டும் இல்லேன்னா..."

"ஏமாத்தலைங்க சார்." கேமராக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "நீங்க சொன்னப்பவே அழிச்சிட்டேன். எங்க ரெண்டு பேர் ஷூ எங்களுக்குத் தெரியும். மத்த ஏழு பேரும் காலைத் தூக்கிக் காட்டியிருந்தாங்க. மணல்ல கண்ட ஒவ்வொரு தடத்தையும் அந்தப் படங்களோட வச்சுப் பார்த்தோம். எதோடயும் சேராதது ஒண்ணே ஒண்ணுதான் சார். அதுதான் உங்க தங்கச்சி."