வளர்ந்த பிள்ளையின் சட்டை

நான் கொண்டுவந்த பையை என் மனைவி அப்படியே தரையில் கவிழ்த்தாள்.

ஆறு சட்டை, நான்கு கால்சட்டை, ஒரு தொப்பி, என் கட்டைவிரல்கூட நுழையாத காலுறைகள். நிறைமாத வயிற்றோடு சம்மணம் போட முடியவில்லை. கட்டிலில் சாய்ந்து ஒரு பக்கமாகக் காலை நீட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

“யாரு பிள்ளையோடது?”

வேலைக்குப் போன வீட்டில் கொடுத்தார்கள் என்றேன். வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்குவதுதான் இங்கே எனக்குக் கிடைத்த வேலை. ஆண் பிள்ளை, மூன்று வயது, கொழுகொழுவென்று இருக்கிறான், நாங்கள் சோபாவைத் தூக்கும்போதுகூடக் காலுக்குள் புகுந்து ஓடினான் என்று அடுக்கிக்கொண்டே போனேன். சொல்லச் சொல்ல எனக்கே அவனைக் கண்ணால் பார்த்தது போலிருந்தது. பள்ளிக்கூடத்தில் லீவு லெட்டர் எழுதிய காலத்திலிருந்தே நான் இதில் கெட்டிக்காரன்.

எங்கள் பக்கத்தில் பிறந்த குழந்தைக்கு முதலில் புதுத்துணி போடமாட்டார்கள். நோய்நொடி இல்லாமல் வளர்ந்த ஒரு பிள்ளை போட்டுக் கழித்த சட்டையைக் கேட்டு வாங்கிப் போடுவார்கள். பிறப்பதற்கு முன்னால் புதிதாக எதையும் வாங்கி வைக்கவும் மாட்டார்கள்.

போன தடவை இதையெல்லாம் கேட்டு நாங்கள் சிரித்தோம். ஐந்தாம் மாதமே கடைக்குப் போய் மஞ்சள் கவுன் ஒன்று வாங்கினோம்.

ஏழாம் மாதம் எல்லாம் முடிந்துவிட்டது. அந்தக் கவுனை என்ன செய்தாள் என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.

இந்தத் தடவை நாங்கள் சிரிக்கவில்லை.

அவளுடைய அக்கா தன் மகனின் சட்டைகளைப் பார்சலில் அனுப்பினாள். அது பாதி வழியில் ஏதோ ஒரு கிடங்கில் மாட்டிக்கொண்டது. ஒரு படிவத்தை நிரப்பிக் கொடுத்தால் அடுத்த படிவத்தை நீட்டினார்கள். நாங்கள் இந்த ஊருக்கு வந்து மூன்று மாதம். தெரிந்த குடும்பம் என்று ஒன்று கிடையாது. மாடிப்படியில் எதிர்ப்படுகிறவர்கள் சிரிப்பார்கள், அதோடு சரி. அவர்களிடம் போய் உங்கள் பிள்ளையின் பழைய சட்டையைக் கொடுங்கள் என்று எந்த முகத்தோடு கேட்பது? கேட்கிற அளவுக்குப் பாஷையும் வரவில்லை.

பழைய துணிக்கடையில் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. எந்தப் பிள்ளை போட்டதோ, அது என்ன ஆனதோ, அதெல்லாம் வேண்டவே வேண்டாம் என்றுவிட்டாள்.

ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போக வேண்டிய பை இரண்டு வாரமாக வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. சட்டை வராமல் பையை மூட மாட்டாளாம். பை மூடாமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப மாட்டாளாம். நேற்று வலி போல ஏதோ வந்தபோதும் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அதையேதான் சொன்னாள். வலி தானாக நின்றது. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

அதனால்தான் இன்றைக்கு இப்படிச் செய்தேன்.

சட்டைகளில் தொங்கிய விலை அட்டைகளை வண்டியிலேயே வெட்டி எறிந்தேன். சலவைக்கடையில் கொதிக்கிற தண்ணீரில் மூன்று தடவை போட்டு எடுத்தேன். கடைக்குப் பின்னால் இருந்த சுவரில் கழுத்துப் பக்கத்தையும் கை ஓரத்தையும் தேய் தேய் என்று தேய்த்தேன். ஒரு கிழவர் நின்று பார்த்துவிட்டுப் போனார். யாரோ பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

அவள் ஒரு சட்டையை விளக்குக்கு நேராகப் பிடித்தாள். தையலில் விரலை ஓட்டினாள். தையற்காரர் மகள். துணி விஷயத்தில் அவள் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது.

“தையல் ஒரு இடத்துலகூட இளகலையே. ஒரு பிள்ளை போட்ட மாதிரியே இல்லையேங்க.”

“அவங்க வீட்டுல துணிக்கா குறைச்சல்? ரெண்டு தடவை போட்டிருப்பான். அதுக்குள்ள வளர்ந்துட்டான்.”

என் முகத்தையே பார்த்தாள். பிறகு என் கையை இழுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்து அழுத்திக்கொண்டாள். உள்ளிருந்து ஓர் உதை விழுந்தது.

“பிள்ளை மேல சத்தியம் பண்ணுங்க. கடையில புதுசா வாங்கிட்டு வந்து என்னை ஏமாத்தலையே?”

பிள்ளையின் மேல் பொய்ச் சத்தியம் செய்ய எனக்குத் துணிச்சல் இல்லை. நல்லவேளை, அவள் கேட்ட கேள்விக்கு உண்மையே போதுமானதாக இருந்தது.

“சத்தியமா நான் வாங்கலை.”

அவள் அழுதுவிட்டாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே எல்லாவற்றையும் மடித்துப் பையில் வைத்தாள். ஜிப்பை இழுத்து மூடினாள். உடனே அக்காவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பையன் தீர்க்காயுசாக இருக்க வேண்டும் என்று அக்கா அங்கிருந்தே வாழ்த்தியது எனக்கும் கேட்டது.

நான் கை கழுவுகிற சாக்கில் எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டேன். என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

இன்று காலை நாங்கள் போன வீட்டில் யாரும் குடி மாறவில்லை. ஒரே ஓர் அறையைத்தான் காலி செய்யச் சொன்னார்கள். உறை பிரிக்காத மெத்தையோடு ஒரு தொட்டில், ஓர் அலமாரி, அதற்குள் விலை அட்டையோடு மாட்டி வைத்த சட்டைகள். எல்லாவற்றையும் குப்பைக் கிடங்கில் கொட்டிவிட வேண்டும், ஒன்றையும் வைத்துக்கொள்ளக் கூடாது என்றார் மேற்பார்வையாளர். கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து எங்களை அவசரப்படுத்தினார்.

மத்தியானம் அந்த வீட்டுக்காரர்கள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புகிறார்களாம். போனபோது இருந்தது போலவே, இரண்டு பேராக.