சுவரோரப் படி

“மேஸ்திரி, வெளிப்படி அந்தச் சுவரோரமாத்தான் வரணும்.”

ஞானராஜ் இப்படிச் சொன்னதும் மேஸ்திரி இளவரசு தலையைச் சொறிந்தான்.

“வீட்டுக்குள்ளயே படி இருக்கே சார். வெளியேயும் வேணும்னா மேற்கால எவ்ளோ இடம் கெடக்கு. இங்க போட்டா பக்கத்து வீட்டு அய்யா சும்மா விடுவாரா?”

“வாஸ்து அப்படித்தான் சொல்லுது.”

சுவருக்கு அந்தப் பக்கம் வைத்திலிங்கம் இருமினார். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது.

முருங்கைக் கிளையை வெட்டிய சண்டையிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. எதுவானாலும் நடுவில் ஓர் ஆள் வேண்டும். இப்போது இளவரசு.

“மேஸ்திரி, ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சுப் பூசைக்குப் போறவரு எப்பலேர்ந்து வாஸ்து பாக்குறாருன்னு கேளு.”

“மேஸ்திரி, அது என் இஷ்டம்னு சொல்லு.”

“எங்க அடுப்படியை எட்டிப் பாக்கத்தான இந்த வாஸ்து? போன மழைக்கு கெடிலம் ஆத்துத் தண்ணி தெருவுக்குள்ள வந்தப்ப, நாங்க ரெண்டு பேரும் இந்த ஓட்டு வீட்டுல கட்டில் மேல விடிய விடிய நின்னோம். இவரு மொட்டை மாடியில இருந்தாரு. வாங்கன்னு ஒரு வார்த்தை வந்துச்சான்னு கேளு.”

“நீ கம்பி கட்டுற வேலையைப் பாருப்பா” என்று இளவரசிடம் சொல்லிவிட்டு ஞானராஜ் உள்ளே போய்விட்டார்.

வைத்திலிங்கம் அன்றே மாநகராட்சிக்குப் புகார் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “முழுசாக் கட்டி முடிக்கட்டும். அப்புறம் இடிக்க வெச்சாத்தான் வலிக்கும்.”

கான்கிரீட் போட்டு, சென்ட்ரிங் பலகை பிரித்து, கைப்பிடிச் சுவரும் எழுப்பியானது. வைத்திலிங்கம் மனைவியைக் கூப்பிட்டார்.

“தில்லை, இங்க வந்து பாரு. படி பாதியில திரும்புற எடம் சரியா நம்ம சுவர் மட்டத்துக்கு நிக்குது. சுத்தியும் கைப்பிடி வெச்சவன், நம்ம பக்கம் மட்டும் ஒரு ஆள் நுழையுற அளவுக்கு விட்டு வெச்சிருக்கான். திருடனுக்கு வழி. இதோ மனு குடுக்கக் கெளம்பிட்டேன்.”

தில்லையம்மாள் முழங்காலைப் பிடித்தபடி வந்து பார்த்தார்.

“ஏன் தம்பி, படியெல்லாம் இவ்ளோ தாழ்வா இருக்கு?” என்று படியில் நின்ற இளவரசிடம் கேட்டார்.

“நானும் சாரைக் கேட்டேம்மா. ஒசரத்தைக் கொறைச்சா படி ஜாஸ்தியாகும், செலவும் ஜாஸ்தின்னேன். முட்டிவலிக்காரங்க ஏறணும்னாரு.”

“அவுங்க வீட்டுல யாருக்கு முட்டிவலி?” என்றார் வைத்திலிங்கம்.

இளவரசு தில்லையம்மாளின் காலைப் பார்த்தான். பிறகு கரணையைக் கழுவப் போய்விட்டான்.

“வெள்ளம் வந்த அன்னிக்கு அவுங்களும் கூப்பிடல,” என்றார் தில்லையம்மாள். “நாமளும் கூப்பிடல. அந்த மனுவை இப்படிக் குடுங்க.”

கொடுத்தார். கடல் பக்கம் மழை இருட்டிக்கொண்டு வந்தது.

மறுநாள் காலை செங்கல் இறங்கும் சத்தம் கேட்டு ஞானராஜ் புதுப்படியில் ஏறிப் பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம் வைத்திலிங்கம் குனிந்து நூல் பிடிக்க, இளவரசு கல் வைத்துக்கொண்டிருந்தான். கைப்பிடியில் விட்ட அந்த இடைவெளிக்கு நேராக முதல் படி எழும்பியிருந்தது. அதுவும் தாழ்வாக.

“மேஸ்திரி, அங்க என்ன கட்டுறாங்கன்னு கேளு.”

இளவரசு வாயைத் திறக்கும் முன் வைத்திலிங்கம் நிமிர்ந்தார்.

“வாஸ்து, ஞானராஜ்.”