சின்ன காயில் போதும்

“பெரிய காயிலா மாட்டுங்க சார், ஆழமா தேடும்” என்றார் மெட்டல் டிடெக்டர் கடைக்காரர், கருவியின் முனையில் மாட்டும் கம்பிச்சுருள் வளையங்களைக் காட்டி.

“சின்னதே போதும். பக்கத்துல கம்பி வேலி. பெருசுன்னா அதுக்கும் சேர்த்துக் கத்தும்.”

வாங்க வந்தவர் தேடுவது மனைவியின் கல்யாண மோதிரத்தை. பல வருடங்களுக்கு முன் தோட்ட வேலையில் கழற்றியது காணாமல்போக, ‘பிறந்த வீட்டுக்குக் கடத்திட்டா’ என்று அவர் அம்மா போட்ட பழி இன்னும் ஆறவில்லை.

“மண்ணையெல்லாம் சலிச்சாச்சுங்க, விடுங்க” என்றாள் மனைவி, அவர் கருவியோடு வீட்டுத் தோட்டத்தில் இறங்கியதும்.

அவர் மண் பக்கமே குனியவில்லை. வேலியோர மரத்தின் அடிமரத்தில் காயிலை மெல்ல நகர்த்தினார். நெஞ்சுயரத்தில் கருவி கூவியது.

“கன்னு நட்டப்போ கிளையில மாட்டினேன்னு நீ சொன்னது நிஜம்தான்மா! மரம் முழுங்கிட்டு வளர்ந்திருக்கு!”

அவள் பட்டையைத் தடவினாள்.

“வெட்டி எடுத்துடலாமா?”

“வேணாங்க. எனக்குச் சாட்சியா நின்னது இது ஒண்ணுதான். இதுவே போட்டுக்கட்டும்.”